காதில் விழுந்த ஒரு வரியிலிருந்து ஒரு சிறுகதை வரை: புதிதாக எழுத வருபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பள்ளிக்கூடத்தில் நமக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது கட்டுரை. முன்னுரை, நடுவில் நாலைந்து உட்தலைப்பு, பொருத்தமான இடத்தில் ஒரு குறள், கடைசியில் முடிவுரை. பேச்சுப் போட்டிக்குப் போனவர்களுக்கு அடுக்கடுக்காக எதுகை மோனை போட்டுப் பேசும் இன்னொரு தமிழும் கைவந்திருக்கும். மதிப்பெண்ணுக்கும் கோப்பைக்கும் இரண்டும் உதவும். ஆனால் கதை எழுத உட்கார்ந்தால் இரண்டுமே குறுக்கே வந்து நிற்கும்.

பதினாறு, பதினேழு வயதுக்காரர்கள் எழுதிய கதைகளைப் படிக்கும்போது எனக்கு அடிக்கடி தோன்றுவது இதுதான். எழுதியவர் பார்த்ததும் கேட்டதும் ஏராளம். பேசச் சொன்னால் தெருவில் நடந்த சண்டையை அவ்வளவு சுவையாகச் சொல்கிறார். பேனாவை எடுத்ததும் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, 'எழுத்து' மாதிரித் தெரிகிற ஏதோ ஒன்றை எழுதிவிடுகிறார். கரு கிடைக்கவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குக் கருவுக்குப் பஞ்சமே இல்லை. தன்னிடம் இருப்பது கதைக்கு ஆகும் என்கிற நம்பிக்கைதான் இல்லை.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு சிறுகதையை எழுதி முடிப்பது பற்றியது. பேருந்தில் காதில் விழுந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அது எப்படிக் கதையாகிறது என்று கடைசிவரை பின்தொடர்வோம்.

1. முதலில் ஒரு நோட்டு

சட்டைப் பையில் அடங்குகிற சின்ன நோட்டு போதும். போனில் குறித்துக்கொண்டாலும் சரி. என்ன குறிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 'இன்று மனம் பாரமாக இருந்தது' என்று எழுதுவது நாட்குறிப்பு. அது வேறு வேலை. கதைக்கான நோட்டில் பேச்சை அப்படியே எழுதுங்கள், திருத்தாமல், இலக்கணப்படுத்தாமல். விலைகள், கடைப் பலகையில் இருக்கும் எழுத்துப் பிழை, ஒருவர் சில்லறை எண்ணும் விதம், மருத்துவமனை வரிசையில் டோக்கனை மடித்துக்கொண்டே இருக்கும் விரல் என்று கண்ணுக்கும் காதுக்கும் பட்டது மட்டும். எங்கே, எப்போது என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.

நாம் எடுத்துக்கொள்ளப்போகும் குறிப்பு இப்படி இருக்கிறது:

"டவுன் பஸ், சாயங்காலம். நாற்பது வயது இருக்கும் ஓர் அம்மா போனில்: 'அப்பா கேட்டா நகையெல்லாம் லாக்கர்ல இருக்குன்னு சொல்லு.' அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டார். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். குறித்தவர் அங்கே தன் கருத்து எதையும் சொல்லவில்லை. ஆனால் தாலிச் சங்கிலியும் போய்விட்டது என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. நல்ல குறிப்பு இவ்வளவுதான் செய்ய வேண்டும்.

ஒரு வாரம் இப்படிக் குறித்தால் பக்கங்கள் நிறைய குப்பையும், ஒன்றிரண்டு இடங்களில் இதுபோன்ற வரியும் இருக்கும். குப்பை இருக்கட்டும்.

2. வரியைக் குடைவது

ஒரு வரி மட்டும் கதையாகிவிடாது. அதைக் கேள்வி கேட்க வேண்டும். போனின் மறுமுனையில் யார்? 'அப்பா' என்றால் அந்த அம்மாவின் அப்பாவா, பிள்ளைகளின் அப்பாவா? நகை உண்மையில் எங்கே? இன்றைக்கு ஏன் இந்தப் பேச்சு வந்தது?

கேள்விக்கு முதலில் தோன்றும் பதிலை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் சினிமாவிலிருந்தோ சீரியலிலிருந்தோ வந்திருக்கும். 'கணவன் குடிகாரன், அதனால் நகை அடகுக் கடையில்' என்பது முதல் பதில். இரண்டாவது, 'மகனின் கல்லூரிக் கட்டணம்.' பரவாயில்லை, ஆனால் இதில் அந்த அம்மாவுக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. யாரும் அவரைத் திட்டப்போவதில்லை. மூன்றாவதாக யோசித்தால், ஏலச்சீட்டுப் பிடித்தவர் பணத்தோடு ஓடிவிட்டார் என்று வரும். நான்காவது, தன் தம்பி கடனில் மாட்டிக்கொண்டபோது கணவரிடம் சொல்லாமல் கொடுத்துவிட்டார். இங்கே ஏதோ இருக்கிறது. அந்த அம்மா செய்தது சரியா தப்பா என்று உங்களாலேயே சட்டென்று சொல்ல முடியவில்லை. அப்படி உங்களைச் சங்கடப்படுத்தும் பதில் எதுவோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கருவுக்காக ஏதாவது ஒரு செயலியிடம் கேட்கலாமே என்று இப்போது தோன்றும். கேட்டால் பத்துப் பதில் கொடுக்கும். அநேகமாகப் பத்தும் அந்த முதல் பதிலின் வகையாகத்தான் இருக்கும். நான்காவது பதில் உங்கள் வீட்டுக் கூடத்தில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசியதிலிருந்து வரவேண்டியது.

அப்புறம், இது யாருடைய கதை? அம்மாவுடையதாகச் சொல்லலாம், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் அப்பாவுடையதாகவும் சொல்லலாம். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லப்போவது போனை எடுத்த பிள்ளை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் கவிதா என்று வைத்துக்கொள்வோம். பிரச்சினையை உண்டாக்கியது அவள் இல்லை. அதைச் சமாளிக்க வேண்டியது மட்டும் அவள். இப்போது, இந்த நிமிடம், யார் ஏதாவது செய்தே ஆகவேண்டுமோ அவர் பக்கம் நின்று எழுதினால் கதை தானாக நகரும். தவிர, பதினாறு வயதில் நாற்பது வயது மனைவியின் மனதுக்குள் போய் எழுதுவதைவிட, கதவருகே நின்று கேட்கும் பெண்ணை எழுதுவது உங்களுக்குக் கைகூடும்.

3. உங்கள் ஊர் போதும்

புதிதாக எழுதுபவர்கள் கதையை உடனே சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ கொண்டுபோய்விடுகிறார்கள். ஊரில் என்ன இருக்கிறது என்கிற நினைப்பு.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு சின்ன கிராமம். எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் (கி.ரா.) கு. அழகிரிசாமியும் அந்த ஒரே ஊர்க்காரர்கள், ஏறக்குறைய ஒரே வயது, நண்பர்கள். அழகிரிசாமிக்கு 1970இல் சாகித்திய அகாதெமி விருது, கி.ரா.வுக்கு 1991இல். பள்ளிப் படிப்பை நடுவில் விட்டு விவசாயம் பார்த்தவர் கி.ரா. கரிசல்காட்டு மக்கள் பேசும் சொற்களைத் திரட்டி ஓர் அகராதியே போட்டார். பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தார். ஊரின் சொற்களுக்கு இவ்வளவு உழைத்தவர் கதைக்குப் பஞ்சம் என்று உட்கார்ந்திருக்க வழியில்லை.

கிராமத்தில் பிறக்காதவர்களுக்கு எழுத்தாளர் அசோகமித்திரனைச் சொல்வேன். ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது அங்கே அவருடைய வேலைகளில் ஒன்று. சினிமா உலகத்தை வைத்து அவர் எழுதிய 'கரைந்த நிழல்கள்' நாவல், நட்சத்திரத்தை விட்டுவிட்டு, வண்டி ஏற்பாடு செய்து ஆள்களை எழுப்பிக்கொண்டு அலையும் தயாரிப்பு நிர்வாகியோடு தொடங்குகிறது. சென்னையில் ஒரு தெருவுக்குத் தண்ணீர் வராததை வைத்துத் 'தண்ணீர்' என்று இன்னொரு நாவல். குடத்தோடு வரிசையில் நின்ற எவரிடமும் அந்த நாவலின் சரக்கு இருந்தது.

ஒரு பயிற்சி: உங்கள் வீட்டிலும் தெருவிலும் மட்டும் புழங்கும் சொற்களை ஐம்பது எழுதுங்கள். பாட்டியின் திட்டுகள், அப்பாவின் தொழிலில் கருவிகளுக்கு உள்ள பெயர்கள், விளையாட்டில் ஆட்டம் கலைந்தால் கத்தும் சொல். தறி ஓட்டும் வீட்டுப் பிள்ளைக்கும் மீன்பிடி ஊர்ப் பிள்ளைக்கும் இந்தப் பட்டியல் ஒன்றாக இருக்காது.

4. எழுதுபவராகப் படிப்பது

நிறையப் படியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். மெதுவாகப் படியுங்கள் என்பதுதான் என் கட்சி. பிடித்த கதை ஒன்றின் முதல் பக்கத்தைக் கையால் நோட்டில் எழுதிப் பாருங்கள். கண் தாண்டிப் போனதைக் கை தாண்டாது. வாக்கியம் எங்கே முடிகிறது, பெயரை எப்போது சொல்கிறார், அடைமொழி எத்தனை என்று எல்லாம் பிடிபடும்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையின் தொடக்கம். கடவுள் பூமிக்கு வருகிற கதை. இந்தக் கருவைப் போட்டியில் கொடுத்தால் நாம் இடி, மின்னல், வானத்திலிருந்து அசரீரி என்று ஆரம்பிப்போம். அவர் சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேரும் முனையில் ஒரு மனிதரை நிறுத்தி, டிராமில் போனால் எவ்வளவு மிஞ்சும், வெற்றிலை போடலாமா, பஸ்ஸில் போனால் அரைக் கப் காப்பி தேறுமா என்று கணக்குப் போட வைக்கிறார். அந்தச் சில்லறைக் கணக்கை நாம் நம்பிவிடுகிறோம். அதனால் அடுத்து வரும் கடவுளையும் நம்புகிறோம். எவ்வளவு பெரிய கற்பனை வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் முதல் பக்கத்தில் பேருந்துக் கட்டணம் சரியாக இருக்க வேண்டும்.

புத்தகம் வாங்கக் காசில்லை என்பது உண்மையான சிக்கல்தான். பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினராகிவிடுங்கள். சென்னையில் கன்னிமரா, அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் எல்லாம் உட்கார்ந்து படிக்க நல்ல இடங்கள். இணையத்தில் 1998இலிருந்து இயங்கும் மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தளத்தில் பழந்தமிழ் நூல்களும் நாட்டுடைமையான பல எழுத்தாளர்களின் படைப்புகளும் இலவசம். ஈழத்து நூல்களுக்கும் பழைய இதழ்களுக்கும் 'நூலகம்' என்ற பெயரிலேயே ஓர் எண்ணிம (டிஜிட்டல்) நூலகம் இருக்கிறது.

5. முதல் வரைவு: ஒரு காட்சி

கவிதாவின் கதைக்கு வருவோம். முதல் கதையை ஒரே காட்சியில் அடக்குங்கள். ஓர் இடம், ஒரு பொழுது, இரண்டு அல்லது மூன்று பேர், அறுநூறிலிருந்து எண்ணூறு சொற்கள். 'ஐந்து வருடங்களுக்குப் பிறகு' என்று ஒரு வரி எழுதத் தோன்றினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

தொடக்கத்தை எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். காலையில் எழுந்தாள், பல் துலக்கினாள், பள்ளிக்குப் போனாள், போன் வந்தது என்று வரவேண்டாம். அப்பா வந்துவிட்டார், சூட்கேஸ் திறக்கப்படுகிறது, அங்கே ஆரம்பியுங்கள். போனில் அம்மா சொன்னதைப் போகிற போக்கில் சொல்லிக்கொள்ளலாம்.

முடிந்தால் ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள். ஒற்று மிகுமா மிகாதா என்று நடுவில் நிறுத்திப் பார்க்க வேண்டாம். யாரிடமும் காட்டவும் வேண்டாம். பாதிக் கதைக்குக் கிடைக்கும் பாராட்டு மீதியை எழுதவிடாது, திட்டும் அப்படித்தான்.

6. பேச்சு

தமிழில் எழுதுபவருக்கு உள்ள கூடுதல் வேலை இது. விவரிப்பு எழுத்துத் தமிழில், உரையாடல் பேச்சுத் தமிழில் என்பது இன்று பெரும்பாலும் எல்லோரும் கைக்கொள்ளும் முறை. அதை எடுத்துக்கொண்டால் கடைசிவரை மாறாமல் இருங்கள். ஒரே ஆள் ஒரு வரியில் "இருக்கு" என்றும் அடுத்த வரியில் "இருக்கிறது" என்றும் பேசினால் படிப்பவருக்கு அவர் குரல் கேட்காமல் போய்விடும்.

வட்டார வழக்கை ஒவ்வோர் எழுத்திலும் காட்ட வேண்டியதில்லை. மதுரைப் பக்கத்து "அவுக வந்தாக", கோவைப் பக்கத்து "ஏனுங்க", யாழ்ப்பாணத்து "எங்கை போறியள்" என்று ஒன்றிரண்டு இடங்களில் காதில் பட்டால் மற்றதைப் படிப்பவரே அந்த ஒலியில் படித்துக்கொள்வார். எழுத்துக் கூட்டிப் படிக்க வைத்தால் அலுத்துவிடும்.

முறைச் சொல்லில்தான் முழுக் குடும்பமும் இருக்கிறது. மகள் 'அப்பா' என்கிறாளா, 'அத்தா' என்கிறாளா, 'வாப்பா' என்கிறாளா, 'நைனா' என்கிறாளா? மனைவி கணவரை 'என்னங்க' என்கிறாரா, 'மாமா' என்கிறாரா, 'அத்தான்' என்கிறாரா? இதை நிச்சயித்துவிட்டால் இவர்கள் எந்த ஊர், என்ன மாதிரி வீடு என்று நீங்கள் ஒரு பத்தி எழுதி விளக்க வேண்டிய அவசியம் போய்விடும்.

இன்னொன்று. உண்மையில் யாரும் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதில்லை, அதுவும் பணம் பற்றிய பேச்சில். "எவ்வளவு ஆச்சு?" என்றால் "சாப்பிட்டீங்களா?" என்று வரும். உங்கள் நோட்டைப் புரட்டினால் இதற்கு உதாரணம் கிடைக்கும்.

7. திருத்தம்

எழுதியதை ஒரு வாரம் தூக்கி வையுங்கள். பிறகு வாய்விட்டு, மெதுவாகப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் ஒரு கோடு. படிக்கவே கூச்சமாக இருக்கும் இடத்தில் இரண்டு கோடு.

முதல் வரைவில் இப்படி ஒரு பத்தி இருந்திருக்கும்:

"கவிதாவின் இதயம் படபடத்தது. வறுமையின் கோரப் பிடியில் சிக்கித் தவிக்கும் தன் குடும்பத்தின் அவல நிலையை எண்ணி அவள் கண்கள் குளமாயின. பெற்ற தந்தையிடமே பொய் சொல்ல வேண்டிய நிலை வந்ததே என்று அவள் மனம் ஊமையாய் அழுதது."

இதில் பிழை ஒன்றும் இல்லை, ஆசிரியர் 'நன்று' என்றுகூட எழுதுவார். ஆனால் கவிதா இதில் இல்லை. இந்தப் பத்தியை எடுத்து எந்தக் கதையில் வேண்டுமானாலும் ஒட்டலாம். இப்போது இதைப் பாருங்கள்:

"அப்பா சென்ட் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில்மேல் வரிசையாக வைத்தார். 'அம்மாவை அந்தச் செயினைப் போட்டுக்கச் சொல்லு. எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுப்போம்.'

கவிதா ஒரு பாட்டிலின் மூடியைத் திருகினாள். 'நகையெல்லாம் லாக்கர்ல இருக்குப்பா.'

'அப்படியா? எந்த பேங்க்?'

அதை அம்மா சொல்லித் தரவில்லை."

படபடப்பு என்ற சொல் எங்கும் இல்லை. ஆனால் இங்கேதான் படபடக்கிறது. பயத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குப் பதில், பயப்பட வைக்கும் கேள்வியைக் கேட்டுவிட்டோம்.

இது புதிதாக யாரோ கண்டுபிடித்த உத்தி என்று நினைக்க வேண்டாம். குறுந்தொகையில் 25ஆவது பாடல், கபிலர் எழுதியது, ஐந்தே அடி. களவில், அதாவது ஊரறியாத காதலில், தன்னைச் சேர்ந்தவன் பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று தலைவி கேட்கிறாள். அங்கே வேறு சாட்சி யாரும் இல்லை. தினைத்தாள் போன்ற மெல்லிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற ஒரு குருகு (கொக்கு போன்ற நீர்ப்பறவை) மட்டும் இருந்தது. அதற்கும் தன் மீன்மேல்தான் கண். அவ்வளவோடு பாடல் முடிகிறது. 'கைவிடப்பட்டேன்', 'தவிக்கிறேன்' என்று ஒரு சொல் கிடையாது. குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடிக்குள் அடங்குபவை. தினம் ஒன்று உரையோடு படித்தால் அலங்காரச் சொல்மேல் உள்ள மோகம் மெல்லக் குறையும்.

திருத்தும்போது கண்ணில் பட்டதும் அடிக்க வேண்டியவை சில: காலச்சக்கரம் உருண்டோடியது. நிசப்தம் நிலவியது. மழை சோவென்று கொட்டியது. இடி விழுந்தாற்போல் இருந்தது. எல்லாம் கனவு. கடைசிப் பத்தியில் லாரி மோதிச் சாவது. இந்த லாரி தமிழ்க் கதைகளில் எத்தனையோ பேரைக் கொன்றுவிட்டது, இனியாவது ஓட்டுநருக்கு ஓய்வு கொடுக்கலாம்.

பிறகு கடைசிப் பத்தியை மூடி வைத்துவிட்டுக் கதையைப் படியுங்கள். கட்டுரைப் பழக்கம் அங்கேதான் திரும்பி வரும்: 'பொய் ஒருநாள் வெளிப்பட்டே தீரும் என்பதைக் கவிதா உணர்ந்தாள்.' அந்தப் பத்தி இல்லாமலும் கதை முடிந்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் முடிந்திருக்கும்.

எழுத்துப் பிழை, ஒற்று, நிறுத்தக்குறி எல்லாம் இதற்கெல்லாம் பிறகு, கடைசியாக. ஆனால் கட்டாயமாக.

8. நெருங்கியவர்களின் கதையை எடுக்கும்போது

நகை அடகு உங்கள் சித்தி வீட்டில் நடந்தது என்றால் ஊரை மாற்றுங்கள், தொழிலை மாற்றுங்கள், பிள்ளைகளின் எண்ணிக்கையை மாற்றுங்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. சொந்தக்காரர்கள் ஒரே பத்தியில் கண்டுபிடித்துவிடுவார்கள். இப்படி மாற்ற மாற்றக் கதையும் உங்கள் கைக்கு வரும். நடந்ததை அப்படியே எழுதும்போது 'ஆனால் உண்மையில் அப்படித்தானே நடந்தது' என்ற பிடிவாதம் கதையை இறுக்கிவிடும்.

9. காட்டுவது, அனுப்புவது

படிக்கக் கொடுக்க இரண்டு பேர் போதும். 'நல்லா இருக்கா?' என்று கேட்காதீர்கள், 'நல்லா இருக்கு' என்றுதான் வரும். எந்த இடத்தில் போனை எடுத்துப் பார்த்தீர்கள், அப்பாவுக்குக் கடைசியில் உண்மை தெரிந்ததா இல்லையா என்று கேளுங்கள். இரண்டு பேரும் ஒரே இடத்தில் குழம்பியிருந்தால் அங்கே வேலை இருக்கிறது.

அரசுப் பள்ளியில் படிப்பவர்கள் 'தேன்சிட்டு' போன்ற மாணவர் இதழ்களுக்குத் தங்கள் ஆசிரியர் வழியாக முயலலாம். கல்லூரி இதழ் இருந்தால் அங்கே தொடங்குவதில் குறைவு ஒன்றும் இல்லை. கணையாழி, காலச்சுவடு, உயிர்மை போன்றவற்றுக்கு அனுப்ப நினைத்தால் முதலில் அந்த இதழில் வந்த கதைகளைப் படித்துவிட்டு அனுப்புங்கள். ஒவ்வோர் இதழுக்கும் ஒரு ருசி உண்டு. முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களின் நூல்களுக்கு சாகித்திய அகாதெமி 2011இலிருந்து யுவ புரஸ்கார் விருது கொடுக்கிறது, ஆனால் அது புத்தகம் வந்தபின் யோசிக்க வேண்டியது.

யுனிகோடில் தட்டச்சு செய்து, பெயர், முகவரி, தொலைபேசி எண்ணோடு இரண்டு வரிக் கடிதம் வைத்து அனுப்புங்கள். கடிதத்தில் கதையை விளக்க வேண்டாம். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பக் கூடாது. பதில் வராமல் போவது சாதாரணம். மூன்று மாதம் பார்த்துவிட்டு ஒரு வரியில் விசாரிக்கலாம். அதற்கும் பதில் இல்லை என்றால், வேறு இதழுக்கு அனுப்புவதாக ஒரு தகவல் எழுதிவிட்டு அங்கே அனுப்புங்கள்.